நாகேஸ் அன்ரியின் வெள்ளி மூன்றரை

மிளகாய் அரைத்தார்கள் என்றுதான் கதை என் காதுக்கு வந்தது.

வெள்ளவத்தையில் மக்கீன் நானாவின் ரீலோட் கடைக்கு டேட்டா போடப் போகிறவர்கள் டேட்டாவோடு மட்டும் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. அன்றைக்கு எனக்குக் கிடைத்த இலவச இணைப்பு இது: பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் டியூஷன் நிலையத்தின் ஒபிஸ் அம்மா கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் காளி கோயில் ஒன்றுக்குப் போய், மிளகாய் அரைத்துச் சாபம் போட்டுவிட்டாராம். அதனால் அறுநூற்றைம்பது பிள்ளைகள் படித்த கிஷாந்த் சேரின் சனிக்கிழமை வகுப்பு இரண்டே வாரத்தில் காலியாகிவிட்டதாம்.

"முழுசாக் காலியா நானா?"

"ஒரு பிள்ளை இல்லையாம். ஃபேன் மட்டும் சுத்துதாம்."

"நீங்க பாத்தீங்களா?"

"நான் ஏன் பாக்கணும். மூணு பேர் வந்து சொல்லிட்டாங்க. ஒத்தர் சொன்னாத்தான் பொய்யா இரிக்கும்."

வதந்தியைச் சரிபார்ப்பது என் தொழிலுக்கு நல்லதல்ல. சரிபார்த்தால் பாதிப் பத்திகள் எழுத முடியாது. இருந்தாலும் மிளகாய் என்றவுடன் மூக்கு அரித்தது. அடுத்த சனிக்கிழமை காலையில் அந்த ஒழுங்கைக்குப் போனேன். நிலையத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். பெயர் சொன்னால் நோட்டீஸ் வரும், அதற்குப் பதில் எழுத எனக்கு நேரமில்லை.

கொழும்பிலிருந்து காலி நகருக்குப் போகும் காலி வீதியில், மின்கம்பத்துக்கு ஒரு சுவரொட்டியில் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கும் மனிதர்களைப் பார்த்திருப்பீர்கள். வெளியூர்க்காரர்கள் தேர்தல் வந்துவிட்டது என்று நினைப்பார்கள். டியூஷன் சேர்மார்தான். கிஷாந்த் சேர் அவர்களில் ஒருவர். முப்பத்து நான்கு வயது, உயர்தரப் பொருளியல், சுவரொட்டியில் பின்னால் தீப்பிழம்பு. பொருளியலுக்கு எதற்கு நெருப்பு என்று யாரும் கேட்டதில்லை.

மண்டபத்தின் பின்கதவால் தலையை நீட்டி எண்ணினேன். நானூற்றுப் பத்துப் பேர் இருந்தார்கள். ஃபேனும் சுற்றியது. மிச்சம் இருநூற்று நாற்பது கதிரைகள் சுவரோரமாக அடுக்கிக் கிடந்தன. ஆக, மூன்று பேர் சொன்ன செய்தியில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடுதலாக உண்மை இருந்தது. இந்த ஊரில் இது நல்ல விகிதம்.

இனி மிளகாய்.

ஒபிஸ் அம்மாவின் பெயர் நாகேஸ்வரி. பிள்ளைகளுக்கு நாகேஸ் அன்ரி. வயது ஐம்பத்திரண்டு. தொண்ணூற்றாறில் உரும்பிராயில் இருந்து கொழும்புக்கு வந்தவர், அண்ணன் கனடாவுக்குக் கூப்பிடும்வரை ஆறு மாதம் வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் தங்குவதற்காக. அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை. அண்ணனின் பிள்ளைகளுக்கே இப்போது கலியாணம் நடக்கிறது. லொட்ஜ் இடிந்து பிளாட்டாகி, அந்தப் பிளாட்டின் நாலாம் மாடியில் இரண்டு அறையில் தனியாக இருக்கிறார். முதலில் வெளிநாட்டுக்குக் கோல் எடுத்துக் கொடுக்கும் கடையில் வேலை. அது மூடியதும் டியூஷன் நிலையம். பத்தொன்பது வருடமாக, வகுப்பில் கொடுக்கும் பாடத்தாளான டியூட்டை அடித்து, கொப்பி போட்டு, ஸ்டேப்பிள் குத்திக் கொடுக்கிறார்.

உலகத்துக்கு வார இறுதி என்றால் ஓய்வு. டியூஷன் நிலையத்துக்கு அதுதான் போர்க்களம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலை ஆறு மணியிலிருந்து இரவு ஏழரைவரை நாகேஸ் அன்ரிக்குத் தண்ணீர் குடிக்கவும் நேரம் இராது. அதற்கு முன்னால் அவருக்குக் கிடைக்கும் ஒரே இடைவெளி வெள்ளிக்கிழமை பிற்பகல். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், இயந்திரம் மட்டும் தாளைத் துப்பிக்கொண்டிருக்கும். மண்டபத்தில் தலை எண்ணி இரண்டு மாதம் கழித்து நான் அவரைச் சந்தித்ததும் அப்படி ஒரு நேரத்தில்தான்.

"மிளகாய் அரைச்சனீங்களாமே," என்றேன்.

அவர் ஸ்டேப்பிள் குத்துவதை நிறுத்தவில்லை. "எப்ப அரைக்கிறது? சனி ஞாயிறு எனக்கு லீவு இல்லை. வெள்ளிக்கிழமை லிஸ்ட்."

"அப்ப சாபம் போடேல்லையோ?"

"லிஸ்ட்தான் போட்டனான்."

லிஸ்ட் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். கொரோனாக் காலத்தில் அவருடைய பிளாட்டுக்கு ஒரு வட்ஸ்அப் குழு இருந்தது. அதில் காலையில் ரோஜாப்பூ, மத்தியானம் கொத்தமல்லிக் கசாயம், இரவில் யாரோ ஒரு டொக்டரின் குரலில் எல்லோரும் சாகப் போகிறோம் என்ற ஒலிப்பதிவு. ஒரு வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு நாகேஸ் அன்ரி பத்து இணைப்புகளை ஒரே செய்தியாக அனுப்பினார். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி. கழுத்துப்பட்டி கட்டிய கபரகொய்யா, அந்தப் பெரிய உடும்பு, வங்கி மனேஜராக இருந்து கடன் விண்ணப்பத்தை மறுக்கும் காணொளி, கீழே, "இவர் எனக்கும் தரேல்லை." கொரிய நாடகம் ஒன்றில் மாமியார் பாத்திரத்தைத் தூக்கி எறியும் காட்சி, கீழே, "இவவைப் போல ஒராள் எங்கட அஞ்சாம் மாடியிலும் இருக்கிறா. பேர் சொல்ல மாட்டன்." கரையோர ரயிலுக்குள்ளே குடை விரித்துக்கொண்டு நிற்கும் மனிதர்; பழைய சவர்க்கார விளம்பரம்; யாரோ ஒருவரின் பூனை.

அன்றிலிருந்து ஒரு வெள்ளியும் தவறவில்லை. பெயரே "வெள்ளி மூண்டரை" ஆகிவிட்டது. பிளாட்டில் இருந்து டொரொன்டோவுக்குப் போய், அங்கிருந்து ஒஸ்லோவுக்குப் போய், சில வேளை மறுபடி வெள்ளவத்தைக்கே "பாத்தனீங்களோ" என்று வரும். அவருக்குச் சட்டங்கள் உண்டு. சாமி இல்லை, மருந்து இல்லை, கட்சி இல்லை, குட் மோர்னிங் இல்லை. அதைவிடப் பெரிய சட்டம், எதையும் கடைசிவரை பார்க்காமல் அனுப்ப மாட்டார். நாற்பது நிமிடக் காணொளியானாலும் நாற்பது நிமிடமும் பார்ப்பார். பத்துத் தேறுவதற்கு வாரத்தில் நூறு பார்க்கிறார். சம்பளம் இல்லாத வேலையில் இவ்வளவு ஒழுங்கை நான் எந்தத் திணைக்களத்திலும் கண்டதில்லை.

"உங்கட பத்தியிலும் போன மாசம் அந்த ஓட்டோ ஜோக் வந்தது," என்றார் இடையில். "என்ர லிஸ்டில மூண்டு கிழமைக்கு முதல் வந்தது."

நான் தண்ணீர் குடித்தேன்.

கிஷாந்த் சேரின் கதைக்கு வருவோம். டியூட்டின் கடைசிப் பக்கம் எப்போதும் வெள்ளையாகத்தான் போகும். போன வருடம் தை மாதம் சேர் கவுண்டருக்கு வந்து, முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"அன்ரி, உங்கட லிஸ்ட் செம. பின்பக்கத்தில போட்டால் பிள்ளையள் டியூட்டை எறியாதுகள். போடட்டோ?"

"பேர் போடுவீங்களோ?"

"ஓம் அன்ரி, கட்டாயம்."

பெயர் போட்டார். "கிஷாந்த் சேரின் வாரப் பொறுக்கல்." பக்கத்தில் கைகட்டிய படம். தாளில் இணைப்பை அழுத்த முடியாதே. அதனால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஃபோனால் பிடிக்கிற கியூஆர் சதுரம் ஒன்று. அந்தச் சதுரங்களைச் செய்தது யார்? நாகேஸ் அன்ரி. அறுநூற்றைம்பது கொப்பி போட்டது யார்? நாகேஸ் அன்ரி. தன் பட்டியலை இன்னொருவர் பெயரில் தானே அடித்து, தானே ஸ்டேப்பிள் குத்திக் கொடுத்தார்.

கேட்டும் பார்த்தார். "பிள்ளையளுக்கு உங்களைத் தெரியாது தானே அன்ரி," என்றார் சேர். "இது பிராண்டிங்."

ஒன்றரை வருடம் இப்படிப் போனது. சேர் யூடியூப் பேட்டி ஒன்றில், இவ்வளவு வேலைக்குள் இதையெல்லாம் எப்படித் தேடுகிறீர்கள் என்று பேட்டி எடுத்தவர் கேட்டபோது, கண்ணைச் சற்று மூடி, "இரவு ரெண்டு மணி மட்டும் தேடுவன், பிள்ளையள் சிரிக்க வேணும்," என்றார். நாகேஸ் அன்ரி அந்தப் பேட்டியையும் கடைசிவரை பார்த்தார். சட்டம் சட்டந்தானே.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பார் என்கிறார். பொறுக்க முடியாமல் போனது ஒரு சனிக்கிழமை, டியூட் வாங்க வந்த பிள்ளை ஒன்று சொன்ன சொல்லால். கெட்ட பிள்ளை இல்லை, நல்ல எண்ணத்தோடு, குரலைத் தாழ்த்தித்தான் சொன்னது.

"அன்ரி, நீங்க சேரின்ட லிஸ்டைக் களவெடுத்து உங்கட குறூப்பில போடுறீங்களாம். எங்கட அம்மா சொன்னவா. சேருக்குத் தெரிஞ்சால் ஏசுவார், கவனம்."

இதை எனக்குச் சொல்லும்போது நாகேஸ் அன்ரி முதல் தடவையாக ஸ்டேப்பிளரைக் கீழே வைத்தார்.

பழிவாங்க நினைப்பவர்கள் கோபத்தில் அவசரப்படுவார்கள். இவர் அவசரப்படவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு முந்தின மாசி மாதத்தில் நடந்த ஒரு பிழை அவருக்கு நினைவிருந்தது. அன்றைக்கு அவசரத்தில், நாலாவது இடத்தில் நாய்க்குட்டிக் காணொளிக்குப் பதிலாக, மூலநோய் டொக்டரிடம் தான் நம்பர் எடுக்கத் திறந்துவைத்திருந்த பக்கத்தின் இணைப்பை ஒட்டிவிட்டார். குழுவில் ஐந்து நிமிடத்துக்குள் திருத்தினார். ஆனால் பிறகு அந்தக் குழுவில் சேர்ந்துகொண்டிருந்த சேர் அதற்குள் முதல் செய்தியை அமத்திப் பிடித்து ஒபிஸ் நம்பருக்குத் தள்ளிவிட்டிருந்தார், வழக்கம்போல "அன்ரி பின்பக்கம் 650" என்ற மூன்று சொல்லோடு. சேர் அனுப்பியதை மாற்ற ஒபிஸுக்கு அதிகாரம் இல்லை. அப்படியே அச்சானது. அடுத்த நாள் சேர் மண்டபத்தில் மைக்கில் சொன்னார்: "நாலாவதைப் பாத்தனீங்களோ? நான் விழுந்து விழுந்து சிரிச்சனான்."

பிள்ளைகளும் சிரித்தார்கள். சேர் பகிடிதான் விடுகிறார் என்று நினைத்தார்கள். ஒபிஸில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவருக்கு மட்டும் ஒன்று விளங்கியது. இந்த மனிதர் ஒரு இணைப்பையும் திறப்பதில்லை. கீழே இருக்கும் வரியைக்கூட வாசிப்பதில்லை.

நாலு வாரம் தேடினார். கடைசியில் மட்டக்குளியில் கிடைத்தது.

வீடமைப்புத் திட்டம் ஒன்றின் மூன்றாம் மாடிக் குசினி. ஃபோனை ரைஸ் குக்கரில் சாய்த்துவைத்துவிட்டு, றிப்னா என்ற பிள்ளை, இருபத்தொரு வயது இருக்கும், தரையில் நெத்தலியைக் கூறு கூறாகக் குவித்துப் பொருளியல் சொல்லிக் கொடுக்கிறது, விலை மாறும்போது கேள்வி, அதாவது வாங்குகிறவர்களின் தேவை, எப்படி மாறும் என்று. "நெத்தலி வெல கூடினா எங்கட உம்மா ஏசாம சாளைக்கு மாறிருவா. இது நெகிழ்ச்சி கூடின கேள்வி. உப்பு வெல கூடினா ஏசி ஏசி உப்பத்தான் வாங்குவா. இது நெகிழ்ச்சி கொறஞ்ச கேள்வி." பின்னால் உம்மா, "நான் எப்ப ஏசின?" என்று கேட்பதும் பதிவாகியிருக்கிறது. மொத்தம் ஒன்பது நிமிடம். கிஷாந்த் சேர் அதே பாடத்துக்கு மூன்று சனிக்கிழமை எடுப்பார். பாடத்திட்டம் முழுவதும் இருந்தது, நாற்பத்தொரு காணொளி, காசு இல்லை. பார்த்தவர்கள் ஒவ்வொன்றுக்கும் நூறைத் தாண்டவில்லை.

நாகேஸ் அன்ரி நாற்பத்தொன்றையும் கடைசிவரை பார்த்தார். பொருளியல் விளங்கிவிட்டது என்கிறார். அந்த வெள்ளி மூன்றரைக்குப் போன பட்டியலில் ஏழாவது இது: "மட்டக்குளிப் பிள்ளை ஒண்டு. மூண்டு கிழமைப் பாடம், ஒன்பது நிமிசம், நெத்தலியோட. முழுப் பாடமும் இருக்கு, சல்லி இல்லை. இதைப் பாக்காமல் நாளைக்கு எழும்பாதையுங்கோ."

மூன்று நாற்பத்திரண்டுக்கு ஒபிஸ் ஃபோனில் மணி அடித்தது. அன்ரி பின்பக்கம் 650.

"நான் ஒரு எழுத்தும் மாத்தேல்லை," என்றார் என்னிடம். "சேரின்ட படத்தைக் கொஞ்சம் பெருசாப் போட்டனான். அவ்வளவுதான்."

சேரே சொல்லிவிட்டார் என்று பிள்ளைகள் சனிக்கிழமையே பார்த்தார்கள். அடுத்த சனி ஐந்நூற்று முப்பது பேர். அதற்கடுத்த சனி நான் எண்ணிய நானூற்றுப் பத்து. வராத பிள்ளைகள் வீட்டில் இருந்து நெத்தலி பார்த்தார்கள். மிளகாய் அரைப்பதைவிட இது சுத்தமான வேலை. கண் எரிவதில்லை.

சேர் கவுண்டருக்கு வந்தபோது இந்தத் தடவை முழங்கையை ஊன்றவில்லை. நிலையத்தின் டிரெக்டர் யோகநாதனும் கூட வந்திருந்தார்.

"அன்ரி, ஏழாவதைக் கண்டனீங்கள் தானே. ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"நீங்கள் அனுப்பினது தானே சேர்."

யோகநாதன் கிஷாந்தைப் பார்த்தார். "இந்த லிஸ்டை ஆர் எடுக்கிறது?"

சேர் கணக்குப் பார்த்தார். அன்ரி எடுக்கிறவ என்று சொன்னால் ஒன்றரை வருடப் பிராண்டிங் போச்சு. நான் எடுக்கிறனான் என்றால் ஏழாவதும் அவருடையது.

"நான்தான்," என்றார்.

"ஓம் ஐயா, சேர்தான்," என்றார் நாகேஸ் அன்ரி, டியூட்டுகளைத் தட்டி அடுக்கிக்கொண்டு. "இரவு ரெண்டு மணி மட்டும் தேடுறவர். பாவம்."

யோகநாதன், "கொஞ்சம் நேரத்தோட படுமன் தம்பி," என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிரவு தான் நல்ல நித்திரை கொண்டதாக அன்ரி சொன்னார். எட்டு மணித்தியாலம். இடையில் பாத்ரூமுக்கும் எழும்பவில்லையாம்.

இந்த இடத்தில் நான் பேனாவை மூடியிருந்தால் நீங்களும் நன்றாக நித்திரை கொண்டிருப்பீர்கள். ஆனால் அதற்கடுத்த புதன்கிழமை றிப்னா நிலையத்துக்கு வந்தாள். மட்டக்குளியிலிருந்து இரண்டு பஸ் மாறி, மடியில் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தை ஏந்திக்கொண்டு. மூடியுள்ள தடித்த பாத்திரம், பக்கத்தில் நீலப்பூ. உள்ளே முட்டையும் சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலப்பம்.

"ஆன்ட்டி, கிஷாந்த் சேர் இரிக்காரா? உம்மா செஞ்சி தந்தா. சேர் எனக்கு எவ்ளோ பெரிய ஒதவி செஞ்சிரிக்கார் தெரியுமா? கூடப்பொறந்த காக்காமாரே இப்பதான் என்னைய டீச்சர்ன்டு கூப்பிடுறாங்க. பதினாலாயிரம் பேர் பாத்திரிக்காங்க."

நாகேஸ் அன்ரி உள்ளே எட்டிப் பார்த்துச் சேரைக் கூப்பிட்டார். சேர் உள்ளே இருந்து வந்தார். ஒரு கணம் முகம் கறுத்தது. அடுத்த கணம் விளங்கிவிட்டது. புத்தி இல்லாதவர் என்று நான் ஒருபோதும் சொல்லவில்லை. பாத்திரத்தை வாங்கினார், பிள்ளையைப் பக்கத்தில் நிற்கவைத்தார், படம் எடுத்தார். படத்தை எடுத்துக் கொடுத்தது யார் என்று கேட்காதீர்கள். ஒபிஸில் வேறு ஆள் இல்லை. அன்று மாலையே பதிவு வந்தது: "மூலைமுடுக்கில் இருக்கும் திறமையைத் தேடிக் கண்டுபிடிப்பது என் பழக்கம்." ஆறாயிரம் விருப்பம். அடுத்த சனிக்கிழமை எழுபது பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். இவ்வளவு பெரிய மனமுள்ள சேரை விடக்கூடாது என்று பெற்றோர் சொன்னார்களாம்.

"பட்டியலை எடுத்தார், பொறுத்தனான்," என்றார் நாகேஸ் அன்ரி. "என்ர வஞ்சத்தையும் எடுத்துத் தன்ர பேரில போட்டிட்டார்."

"பிள்ளைக்கு உண்மையைச் சொல்லியிருக்கலாமே?"

"என்னெண்டு சொல்லுறது? முகத்தைப் பாத்தனான். பெரிய சேர் ஒராள் தன்னை மதிச்சிட்டார் எண்டு நிக்குது. இல்லையடி பிள்ளை, அவர் உன்னைப் பாக்கவே இல்லை, எலிப்பொறிக்குத் தேங்காய்ச் சொட்டு வைக்கிற மாதிரி நான்தான் உன்னை வைச்சனான் எண்டோ?"

"நல்ல பாடம் எண்டு தானே வைச்சனீங்கள்."

"நல்லது எண்டுதான். ஆனா நல்லதுக்காக வைக்கேல்லை."

சேரும் இன்னும் இரண்டு மாஸ்டர்மாரும் வட்டிலப்பத்தை வழித்து முடித்துவிட்டு, பாத்திரத்தைக் கவுண்டரில் கழுவுவதற்கு வைத்துவிட்டுப் போனார்கள். அன்ரி கழுவினார். சிக்கல் அதன்பிறகுதான். பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க முடியாது. வெள்ளவத்தையிலும் இல்லை, மட்டக்குளியிலும் இல்லை. ஏதாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். சேரிடம் கேட்டார்.

"ஒரு பிஸ்கட் பக்கெட்டைப் போட்டு அனுப்பிவிடுங்கோ அன்ரி."

"திண்டது நீங்கள், சேர்."

"அப்ப நான் பாத்து ஏதும் செய்யிறன்."

ஆறு வாரமாகிவிட்டது. சேர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். அன்ரி தானே பயித்தம்பணியாரம் செய்து போடலாம். சுட்டால் நன்றாகவும் வரும். ஆனால் போட்டால் அது சேரின் பணியாரமாகப் போய்விடும், பிள்ளை அதற்கும் சேருக்கே நன்றி சொல்லும். தன் பெயரில் கொண்டுபோனால் ஏன் என்று சொல்ல வேண்டும். அந்த "ஏன்"தான் நாலாம் மாடியில் அவரை இப்போது நித்திரை கொள்ளவிடாமல் வைத்திருக்கிறது. பட்டியல் மட்டும் நிற்கவில்லை. சேர் இப்போது ஒவ்வொரு இணைப்பையும் திறந்து, கடைசிவரை பார்க்கிறார், உண்மையாகவே இரவு இரண்டு மணி ஆகிவிடுகிறதாம். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருக்கிறது. அன்ரி இப்போது நாற்பது நிமிடக் காணொளிகளாகவே தேடிப் போடுகிறார்.

நான் போயிருந்த அன்றைக்கும் றிப்னாவின் செய்தி வந்தது. "ஆன்ட்டி, உம்மாட டிஷ் இரிக்கா? உம்மாட கலியாண டிஷ் அது. நோம்பு வருது, உம்மா கேக்குறா. அவசரம் இல்ல."

நாகேஸ் அன்ரி எதையோ நீளமாக எழுதினார். அழித்தார். மறுபடி எழுதினார், அதையும் அழித்தார். கடைசியில் பெருவிரல் படத்தை மட்டும் அனுப்பினார்.

"நான் கொட்டாஞ்சேனைப் பக்கம்தான் போறன்," என்றேன். "அங்கால மட்டக்குளி. கொண்டுபோய்க் குடுக்கட்டோ?"

"வெறும் பாத்திரத்தையோ?"

கொப்பி மெஷினுக்கு மேலே பழைய டியூட் தாளால் மூடிவைத்திருந்த அந்தப் பாத்திரத்தை அவர் இறக்கி, தூசி துடைத்து, இயந்திரத்தின் சூடு படாத பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு, அடுத்த கட்டுத் தாளை எடுத்தார்.